பலாலியிலிருந்து புறப்பட்ட விமானம்

கடலோரத்தில் வாழும் மக்களுக்குச் சென்றவர் திரும்பாமை புதிய துயரம் அன்று. வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தில், குறித்த நாளில் வந்து சேராத கப்பலை எதிர்பார்த்துக் கரையில் நின்ற குடும்பங்கள் பல. 1964ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் தனுஷ்கோடியை அழித்து, நமது வடகரையையும் அலைக்கழித்த பெரும்புயல், தொழிலுக்குச் சென்ற மீனவர் பலரைக் கொண்டது. ஆயினும் அந்தத் துயரங்களுக்கு ஒரு நாளும் ஒரு காரணமும் இருந்தன. புயல் வீசிய நாளை ஊர் முழுவதும் அறியும். உடைந்த பலகையோ கிழிந்த பாயோ எங்கேனும் கரையொதுங்கும். அதனைக் கண்டு அழுது, கிரியை செய்து, திதியைக் குறித்து வைத்துக்கொண்டு எஞ்சியவர்கள் வாழ்க்கையைத் தொடர்வர்.

1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து 55 பேருடன் இரத்மலானைக்குப் புறப்பட்ட விமானத்தின் கதை அத்தகையதன்று. புறப்பட்டுப் பத்து நிமிடங்கள் வரையில் சென்றதும் அது மறைந்தது. மறைந்த விமானம் எங்கே கிடக்கின்றது என்பது வெளிப்பட 14 ஆண்டுகள் சென்றன. இத்தனைக்கும் அது வீழ்ந்த இடம் எட்டாத பெருங்கடல் அன்று. நம் வீட்டு வாசலில் உள்ள ஆழமற்ற கடலே. வாசலில் கிடந்த பொருளை ஒரு சமூகம் 14 ஆண்டுகள் காணாதிருந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடுவதாயின், குடாநாட்டின் பாதைகளைப் பற்றி முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலத்துடன் இணைக்கும் பிரதான வழி ஆனையிறவு. அங்கே நிலம் ஒடுங்கி, இருமருங்கும் உப்பு நீர் நிற்க, ஒரு வீதியும் ஒரு புகையிரதப் பாதையும் மட்டுமே செல்லும். கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் 1905ஆம் ஆண்டு இணைத்த புகையிரதம், இந்நாட்டு மக்களின் வாழ்வையே மாற்றியமைத்தது. உத்தியோகத்துக்குத் தெற்கே சென்ற எழுதுவினைஞரும் ஆசிரியரும் விடுமுறைக்கு ஊர் திரும்பியது அதனாலேயே. 1956ஆம் ஆண்டு யாழ்தேவி ஓடத் தொடங்கியபின், காலையில் கொழும்பில் ஏறியவர் பொழுது சாயுமுன் தம் வீட்டுப் படலையைத் திறக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று.

வான்வழியும் நமக்குப் புதியதன்று. பலாலி விமான நிலையம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படையினரால் அமைக்கப்பட்டது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. ஆகவே இலங்கையின் தேசிய விமான சேவை தன் முதல் நாளிலேயே குடாநாட்டு மண்ணில் இறங்கிச் சென்றது எனலாம். அந்த நாட்களில் விமானத்திற் செல்வது வசதி படைத்தோரின் காரியம். ஏனையோருக்குப் புகையிரதம் இருந்தது, பேருந்து இருந்தது, தெரிவு செய்ய வழி இருந்தது.

போர் வந்தபோது அவ்வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. 1990ஆம் ஆண்டு புகையிரதம் நின்றது. கண்டி வீதியும் மூடப்பட்டது. தெற்கே செல்ல வேண்டியவர்கள் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளமேறிக் கடந்தனர். அப்பயணத்தில் உயிரிழந்தோர் பலர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். அவ்வாண்டின் முடிவில் யாழ்ப்பாண நகரம் அரச படையினர் வசமாயிற்று. அடுத்த ஆண்டில் மக்கள் திரும்பி வந்தனர். ஆனால் அவர்கள் திரும்பி வந்த குடாநாடு ஒரு தீவுபோல் ஆகியிருந்தது. ஆனையிறவுக்குத் தெற்கே வன்னி நிலப்பரப்பின் பெரும்பகுதி தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அதனூடாகச் செல்லும் வீதியைத் திறப்பதற்காக 1997ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய படை நடவடிக்கை, மாதக்கணக்கில் நீண்டு, பாதையைத் திறவாமலே தொடர்ந்துகொண்டிருந்தது.

இந்நிலையில் குடாநாட்டிலிருந்து கொழும்புக்குச் செல்ல விரும்பியவருக்கு இரண்டு வழிகளே எஞ்சின. ஒன்று, கப்பலேறித் திருகோணமலைக்குச் சென்று அங்கிருந்து தரை வழியாகச் செல்வது. மற்றையது, பலாலியிலிருந்து விமானம் ஏறுவது. இரண்டுக்கும் படையினரின் அனுமதி வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். விமானச் சீட்டு மலிவானதன்று. ஆனால் நோயாளியைக் கொழும்பு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோருக்கும், வெளிநாட்டு விசாவுக்குக் குறித்த நாளில் சமுகமளிக்க வேண்டியவருக்கும், கப்பலின் அலைச்சலைத் தாங்க முடியாத முதியோருக்கும், கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும் வேறு வழி இருக்கவில்லை. நகை அடைவு வைத்தும், கடல் கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தைக் கொண்டும் அவர்கள் அச்சீட்டைப் பெற்றனர். முன்னர் வசதியுள்ளோரின் வாகனமாயிருந்த விமானம், வழியற்றோரின் வாகனமாயிற்று.

அந்த வான்வழியும் அச்சம் நிறைந்ததாகவே இருந்தது. 1995ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம், 29ஆம் திகதிகளில் விமானப்படையின் அவ்ரோ விமானங்கள் இரண்டு, அடுத்தடுத்த நாட்களில் பலாலிக்கு அண்மையில் புலிகளின் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன. தோளில் வைத்து எய்யக்கூடிய இவ்வகை ஏவுகணை, விமான எந்திரத்தின் வெப்பத்தை நாடிச் சென்று தாக்குவது. உயரத்திற் பறக்கும் விமானத்தை அது எட்டமாட்டாது. ஏறும்போதும் இறங்கும்போதும் தாழ்ந்து பறக்கும் விமானத்துக்கே அதனால் ஆபத்து அதிகம். ஆகவே பலாலிக்கு வந்து செல்லும் விமானங்கள் கடலின்மேற் சுற்றிச் செல்லலாயின. 1998ஆம் ஆண்டில், பயணிகளை ஏற்றிய தனியார் விமானங்கள் படையினரையும் ஏற்றிச் செல்கின்றன என்று புலிகள் குற்றஞ்சாட்டி, அச்சேவைகளை எச்சரித்திருந்தனர் என்று அக்காலச் செய்திகள் கூறின. எச்சரிக்கை இருந்தும் சீட்டுக்குக் காத்திருந்தோர் தொகை குறையவில்லை. செல்ல வேண்டிய தேவை அச்சத்திலும் பெரிதாக இருந்தது.

1998ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. நவராத்திரி நாட்கள் அவை. வீடுகளிலும் பாடசாலைகளிலும் கும்பம் வைத்து மாலைப் பூசை நடைபெறும் காலம். அதே நாட்களில், ஆனையிறவுக்குத் தெற்கே கிளிநொச்சியில் பெரும்போர் நடந்தது. செப்டெம்பர் 27ஆம் திகதி தொடங்கிய அச்சமர் 29ஆம் திகதி முடிவுற்றபோது, கிளிநொச்சி நகரம் புலிகளின் கையில் இருந்தது. இருதரப்பிலும் இறந்தோர் தொகை ஆயிரத்துக்கும் மேற்பட்டது. அன்று நாட்டின் கவனம் முழுவதும் அப்போரின் மீதே இருந்தது.

அன்று பலாலியிலிருந்து புறப்பட்டது லயன் எயார் நிறுவனத்தின் 602ஆம் இலக்கப் பயணம். விமானம் அன்ரனோவ் 24 என்னும் வகையைச் சேர்ந்தது. சோவியத் நாட்டில் அமைக்கப்பட்டு 1959ஆம் ஆண்டு முதன்முதலிற் பறந்த இவ்வகை விமானம், உடலுக்கு மேலே பொருத்திய சிறகுகளும், சுழல்விசிறி கொண்ட இரண்டு எந்திரங்களும் உடையது. ஏறக்குறைய 50 பேரை ஏற்றவல்லது. சிறிய ஓடுபாதைகளிலும் இறங்கக்கூடியது. பெலாரூஸ் நாட்டிலிருந்து வாடகைக்குப் பெறப்பட்ட அவ்விமானத்தைச் செலுத்தியோரும் அந்நாட்டவர்களே. பயணிகள் 48 பேர். பணியாளர் 7 பேர். பயணிகள் அனைவரும் இலங்கைத் தமிழர்.

இரத்மலானையை அடைய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பறப்பு வேண்டும். விமானம் எழுந்து பத்து நிமிடங்கள் அளவிற் சென்றபோது, விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டது என்று விமானி வானொலியில் அறிவித்தார். அதன்பின் குரல் இல்லை. ராடார்த் திரையிலிருந்த புள்ளியும் மறைந்தது.

ராடார் என்பது வானொலி அலைகளை அனுப்பி, அவை ஒரு பொருளிற் பட்டுத் திரும்புவதைக் கொண்டு அப்பொருளின் இடத்தை அறியும் கருவி. திரையிற் புள்ளி தெரியும் வரையில் விமானம் எங்கே இருக்கின்றது என்று அது சொல்லும். புள்ளி மறைந்தபின், விமானம் நேரே வீழ்ந்ததோ, தாழ்ந்து பறந்து வேறிடம் சென்றதோ, கடலில் இறங்கியதோ என்று அதனாற் சொல்ல இயலாது. அதனாற்றான் விமானம் காணாமற் போனால், அது கடைசியாகத் தெரிந்த இடத்துக்கு உடனே தேடுவோர் விரைவர். விமானத்தின் பதிவுப் பெட்டியில் உள்ள ஒலிக்கருவி நீரினுள் ஏறக்குறைய 30 நாட்களே ஒலி எழுப்பும். முதல் நாட்களிற் செய்யப்படாத தேடலைப் பின்னர் செய்வது மிகவும் அரிது.

602ஆம் இலக்க விமானம் கடைசியாகத் தெரிந்த இடம், தேடுவோர் அச்சமின்றிச் சென்று வரக்கூடிய இடமாக இருக்கவில்லை. பூநகரிக் கரையோரமும் மன்னார்க் கரையின் வடபகுதியும் புலிகளின் வசம் இருந்தன. அக்கரைக்கு எதிரே பாக்கு விரிகுடாவிற் கிடக்கும் இரணைதீவு, பெயருக்கேற்ப இரட்டைத் தீவு. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கடற்றொழிலாளர் குடும்பங்கள் 1992ஆம் ஆண்டிலேயே போரின் காரணமாக வெளியேறிவிட்டன. சாதாரண காலமாயின், அன்று பிற்பகலிலே வலையை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவராவது தலை நிமிர்ந்து பார்த்திருப்பார். வள்ளத்தை எடுத்துக்கொண்டு சென்றிருப்பார். மாலைக்குள் செய்தி கரையெங்கும் பரவியிருக்கும். மக்கள் இல்லாத தீவில் சாட்சி சொல்ல எவரும் இருக்கவில்லை. இருந்தவர்கள் சொல்லக்கூடியவர்களாக இருக்கவில்லை.

விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதென்ற ஐயம் அன்றே எழுந்தது. செய்தாபனங்களும் அவ்வாறே எழுதின. ஆனால் தாமே செய்தோம் என்று எவரும் பொறுப்பேற்று முன்வரவில்லை. குடாநாட்டுக்கான பயணிகள் விமானச் சேவை நின்றது. சில வாரங்களில் செய்தித்தாள்கள் வேறு சமர்களைப் பற்றி எழுதத் தொடங்கின. விமானத்திற் சென்றோரின் குடும்பங்கள் மட்டும் அந்தச் செவ்வாய்க்கிழமையிலேயே நின்றன.

இறந்தவர் வீட்டுத் துயரத்துக்கும் காணாமற் போனவர் வீட்டுத் துயரத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்கும். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், செய்ய வேண்டியவை ஒழுங்காக வகுக்கப்பட்டுள்ளன. உடலைத் தகனஞ் செய்வர். சாம்பலைக் கீரிமலைக் கடலிற் கரைப்பர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடத்துவர். ஆண்டு தோறும் திதி கொடுப்பர். கத்தோலிக்கக் குடும்பத்தில் அடக்க ஆராதனையும், கல்லறைத் திருநாளன்று ஏற்ற ஒரு கல்லறையும் உண்டு. இவை இறந்தவருக்காகச் செய்யப்படுவன என்று சொல்லப்பட்டாலும், இருப்பவரை மீண்டும் நிலத்தில் ஊன்றி நிற்கச் செய்வனவும் அவையே. உடல் கிடைக்காதபோது தருப்பையால் உருவம் அமைத்துக் கிரியை செய்யும் வழக்கமும் நம் முன்னோர் அறிந்ததே. ஆனால் அதற்கும் ஓர் உறுதி வேண்டும். உயிரோடு எங்கேனும் தடுத்து வைக்கப்பட்டிருப்பாரோ என்ற ஒரு நூலிழை எண்ணம் இருக்கும்வரை, எந்தத் தாய் தன் மகனுக்குக் கொள்ளி வைக்கச் சம்மதிப்பாள்? எந்த மனைவி தாலியைக் கழற்றுவாள்? கழற்றினால் நம்பிக்கை இழந்தவள் என்பர். கழற்றாவிடின் அறியாமை என்பர். இரண்டுக்கும் இடையிலே வாழ்வது எளிதன்று.

உலகியற் காரியங்களும் அவ்வாறே. இறப்புச் சான்றிதழ் இன்றிச் சொத்துரிமை மாற்றம் நடவாது. வங்கிக் கணக்கு திறவாது. பிள்ளைகளின் காரியங்கள் தடைப்படும். போரிலே காணாமற் போனோர் தொகை பெருகிய இந்நாட்டில், அத்தகையோரின் இறப்பைப் பதிவு செய்வதற்கென 2010ஆம் ஆண்டு தற்காலிக ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இறந்தார் என்று எழுதிக்கொடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, காணாமற் போனவர் என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்தது. அவர் இருக்கின்றார் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை என்று ஒரு சட்டமே எழுத வேண்டிவந்ததைக் கொண்டு, அத்துயரத்தின் இயல்பை உணரலாம்.

விமானங்கள் மறைந்துபோவது உலகில் வேறெங்கும் நிகழாததன்று. 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஆர்ஜென்டீனாவிலிருந்து சிலி நாட்டுக்குப் பறந்த ‘ஸ்ரார் டஸ்ற்’ என்னும் பிரித்தானிய விமானம் 11 பேருடன் அந்தீஸ் மலைத்தொடரில் மறைந்தது. அரை நூற்றாண்டு கழித்து, நமது விமானம் மறைந்த அதே 1998ஆம் ஆண்டில், மலையேறிகள் சிலர் பனிப்பாறையின் அடிவாரத்தில் அதன் எந்திரத்தைக் கண்டனர். பனியாறு அதனை விழுங்கி, மெல்ல மெல்ல நகர்த்தி, கடைசியில் வெளியே தள்ளியிருந்தது. 2014ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து பீக்கிங்குக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் 239 பேருடன் மறைந்ததை உலகம் முழுவதும் அறியும். தெற்கு இந்து சமுத்திரத்தின் அடித்தளத்தில் 120,000 சதுர கிலோமீற்றர் பரப்பைத் துருவியும் அதன் உடலைக் காண இயலாமல், அத்தேடல் 2017ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நிறுத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டு யூலை 22ஆம் திகதி சென்னைக்கு அண்மையிலுள்ள தாம்பரத்திலிருந்து அந்தமானின் போட் பிளேயருக்குப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் அன்ரனோவ் 32 விமானம் 29 பேருடன் வங்காள விரிகுடாவில் மறைந்தது. ஏழரை ஆண்டுகளின் பின், 2024ஆம் ஆண்டு சனவரியில், சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 310 கிலோமீற்றர் தொலைவில், 3,400 மீற்றர் ஆழத்தில் அதன் சிதைவுகளை ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி படம் பிடித்ததாக இந்திய அரசாங்கம் அறிவித்தது.

இவற்றைப் பனியும் ஆழமும் தூரமும் மறைத்தன. அறிவியல் மேலும் மேலும் அவற்றோடு போராடுகின்றது. மலேசிய விமானத்தின் மறைவுக்குப் பின், பெருங்கடல்மீது பறக்கும் பெரிய பயணி விமானங்கள் 15 நிமிடத்துக்கு ஒரு முறையேனும் தம் இருப்பிடத்தை அறிவித்தல் வேண்டும் என்று சர்வதேச விதி ஏற்பட்டு, 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. பதிவுப் பெட்டியின் ஒலிக்கருவி 90 நாட்கள் ஒலிக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஆனால் பலாலி விமானத்தை மறைத்தது பனியும் அன்று, ஆழமும் அன்று. அது கிடந்த இடம் பலாலிக்குத் தெற்கே ஏறக்குறைய 35 மைல் தூரத்தில், இரணைதீவுக்கு அருகே. நம் மீனவர் வலைவீசும் ஆழங் குறைந்த கடல் அது. அங்கே செல்ல அறிவியலின் புதுமை எதுவும் வேண்டியிருக்கவில்லை. கடலைப் பங்கு போட்டுக்கொண்டு, பயணிகளையும் இடையே நிறுத்திய போரே அதனை மறைத்தது.

2008ஆம் ஆண்டின் இறுதியில் பூநகரி படையினர் வசமாயிற்று. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தது. அதன்பின்னும் மூன்றாண்டுகள் கழிந்தன. 2012ஆம் ஆண்டில், கைது செய்யப்பட்ட முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் புலனாய்வாளருக்கு அளித்த வாக்குமூலத்தின் வழியாகவே கடலடியிலிருந்த இடம் தெரியவந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் கடற்படையின் சுழியோடிகள் இரணைதீவுக் கடலில் இறங்கி விமானத்தின் சிதைவுகளைக் கண்டனர். இரணைதீவிலிருந்து எய்யப்பட்ட ஏவுகணையால் விமானம் வீழ்த்தப்பட்டது என்பதே புலனாய்வாளர் அறிவித்த முடிபு. விமானி கடைசியாகக் கூறிய காற்றழுத்தக் குறைவு, தாக்குண்ட விமானத்தின் உடல் பிளந்ததன் விளைவென்று கொள்ளலாம். சிதைவுகளோடு மனித எச்சங்களும் உடைகளும் உடைமைகளும் மேலே கொண்டுவரப்பட்டன.

2014ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவ்வுடைகளும் பொருள்களும் யாழ்ப்பாணத்தில் உறவினர் பார்வைக்கு வைக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பயணம் அனுப்பி வைத்தவர்கள், உப்பு நீரில் ஊறிக் கிடந்த துணிகளுக்கு முன்னே வந்து நின்றனர். பயணத்துக்கென்று தைத்துக் கொடுத்த சட்டையின் நிறம் என்ன? பிள்ளைக்கு அணிவித்த உடுப்பின் கரையில் என்ன பூவேலை இருந்தது? இத்தகைய வினாக்களுக்கு ஒரு தாயின் நினைவே பதில் கூற வேண்டியிருந்தது. அன்று சிறு பிள்ளைகளாயிருந்தோர் வளர்ந்து, தாய் தந்தையரின் உடையைத் தேடி வந்திருக்கக்கூடிய காலம் அது. அன்று வரத்தக்க பெற்றோரிற் சிலர் அதற்குள் காலமாகியிருப்பர் என்பதையும் சொல்லாமலே உணரலாம். அடையாளங் கண்டோருக்கு ஒரு முடிவு கிடைத்தது. காணாதவர் வந்த கையோடு திரும்பினர். ஆதலால் விமானம் அகப்பட்டது என்று சொல்லலாமேயன்றி, அதிலே சென்றோர் அனைவரும் அகப்பட்டனர் என்று சொல்ல இயலாது.

இந்நிகழ்ச்சியை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. போரின்போது குடாநாட்டு மக்கள் பட்ட துன்பங்கள் பல. குண்டுவீச்சும் இடப்பெயர்வும் கைதும் காணாமற் போதலும் அவர்கள் அறியாதவை அல்ல. அவற்றைச் செய்தவர் யார் என்று சுட்டுவதில் அவர்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. ஆனால் இந்த விமானத்தில் இறந்த பயணிகள் தமிழர். அதனை வீழ்த்தியோர் என்று விசாரணை காட்டுவோரும், தமிழ் மக்களுக்காகவே போராடுவதாகக் கூறியவர்கள். இவ்வுண்மையைச் சொல்ல நாக்கு எழுவதில்லை. சொன்னால் ஒரு சாராருக்குத் துணைபோவதாகும் என்ற அச்சமும், மறுசாரார் செய்த கொடுமைகளை அது மறைத்துவிடுமோ என்ற கவலையும் ஒருங்கே நிற்கின்றன. அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அதன் விலையைச் செலுத்தியவர்கள் அப்பயணிகளின் குடும்பத்தினரே. அவர்களின் துயரம் எந்த அணிவகுப்பிலும் இடம்பெறவில்லை. எந்த மேடையிலும் அவர்களின் பெயர்கள் வாசிக்கப்படவில்லை.

சரித்திரம் கற்பிப்போர் மாணவருக்குச் சொல்லும் முதற் பாடம் ஒன்று உண்டு. ஒரு நிகழ்ச்சி யாருக்கு அனுகூலம், யாருக்குப் பிரதிகூலம் என்று பார்ப்பதற்கு முன், அது நிகழ்ந்ததா, எவ்வாறு நிகழ்ந்தது, யார் துன்புற்றனர் என்று கேட்டல் வேண்டும். அரசு செய்ததைக் கேட்பதற்கும் அதுவே முறை. அரசை எதிர்த்தோர் செய்ததைக் கேட்பதற்கும் அதுவே முறை. ஒரு தராசில் வேண்டியபோது ஒரு படியும் வேண்டாதபோது வேறொரு படியும் வைப்பவன் வியாபாரத்திலும் நம்பப்படுவதில்லை. காணாமற் போன தம் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டு வீதியோரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்த தாய்மாரின் கேள்வி நியாயமானது. பலாலி விமானத்துக்கு என்ன நேர்ந்தது என்று 14 ஆண்டுகள் காத்திருந்தோரின் கேள்வியும் அதே நியாயத்தையே சேர்ந்தது. ஒன்றைக் கேட்டு மற்றொன்றுக்குச் செவி சாய்க்காதவர், முதலாவதன் வலிமையையும் குறைத்துவிடுகின்றனர்.

காலம் பல மாற்றங்களைக் கொணர்ந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை வந்தடைந்தது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி, இரணைதீவு மக்கள் அனுமதிக்குக் காத்திராமல் தம் வள்ளங்களில் ஏறிச் சென்று சொந்தத் தீவில் இறங்கினர். கால் நூற்றாண்டின் பின் அத்தீவில் மீண்டும் அடுப்புகள் எரிந்தன. 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து வந்த விமானம் அவ்வோடுபாதையில் இறங்கியபோது, 1947ஆம் ஆண்டுப் பாதை மீண்டும் திறந்தது எனலாம்.

பலாலியில் விமானம் ஏறுவோருக்கு இந்தப் பழைய கதை தெரிந்திருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பயணம் போகின்றவர் அச்சமின்றிப் போவதே நல்லது. ஆயினும் 1998ஆம் ஆண்டு நவராத்திரி நாளொன்றில் அதே ஓடுபாதையில் எழுந்து சென்ற 55 பேருக்கு, அந்நிலையத்திலோ இரணைதீவுக் கரையிலோ பெயர் பொறித்த ஒரு கல் நாட்டப்படுமாயின், கிரியை செய்ய நாளும் இடமும் இல்லாதிருந்த குடும்பங்களுக்கு வந்து நின்று ஒரு பூ வைக்க ஓர் இடம் கிடைக்கும். அக்கல்லில் தமிழ்ப் பயணிகளின் பெயர்களோடு, தூர தேசத்திலிருந்து வந்து இக்கடலில் மாண்ட விமானிகளின் பெயர்களும் இருத்தல் முறை. அவர்களுக்கும் எங்கோ ஓர் ஊரில் வாசலைப் பார்த்திருந்த வீடுகள் இருந்தன.